விழுந்த பொருளின் கதை
ஹாக்கிங் நூலின் இரு அத்தியாயங்கள் - ஒரு திறனாய்வு

அறிவியலை எளிய மக்களுக்கு எடுத்துரைக்க எழுந்த நூல்களுள், ஸ்டீபன் ஹாக்கிங் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காலத்தின் சுருக்க வரலாறு’ பெற்ற புகழை வேறு நூல்கள் எளிதில் பெற்றதில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. உலக மொழிகள் பலவற்றிலும், நம் தமிழிலும் அது பெயர்க்கப்பட்டது. நியூட்டன் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பீடத்தில் 1979 முதல் 2009 வரை வீற்றிருந்தவர் அதன் ஆசிரியர். 2018 மார்ச் 14-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் நூலோ இன்றும் வாசிக்கப்படுகின்றது.

அந்நூலின் ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் கருந்துளைகளைப் பற்றியன. கருந்துளைக்குள் விழும் பொருள் என்னவாகின்றது என்னும் வினாவுக்கு இன்று பாடநூலாரும் பத்திரிகையாளரும் கூறும் விடைகளுள் பெரும்பாலானவை, நேராகவோ சுற்றுவழியிலோ, இவ்விரு அத்தியாயங்களின் சாயலைக் கொண்டவையே. நம் இல்லங்களில் பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்கும்போது நாம் சொல்லும் விடையும் அவற்றின் எதிரொலியாகவே இருக்கக்கூடும். ஆகவே அவற்றின் சிறப்பு நம் பிள்ளைகளுக்குச் சேர்வது போலவே அவற்றின் குறையும் சேர்ந்துவிடுகின்றது. அவ்விரண்டையும் நடுநின்று நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

அளவுகோல் எது என்று வாசகர் கேட்கலாம். மத்ரஸாக்களில் ஒரு செய்தியை ஆராயப் புகுவோர் முதலில் இரண்டு கேள்விகளை எழுப்புவர். இதனைச் சொல்லும் ராவி யார், அவர் எங்கே நின்று கண்டார் என்பது ஒன்று. இச்செய்தியின் தரம் யாது, அஃது உறுதியானதா, பலவீனமானதா என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளும் சமயச் செய்திகளுக்கு மட்டும் உரியன அல்ல. எந்த அறிவுத்துறைக்கும் பொருந்தும். கருந்துளையின் கதைக்கோ இவற்றைவிடப் பொருத்தமான உரைகல் வேறில்லை. ஏனெனில் அக்கதையில் உண்மையாகவே இரண்டு சாட்சிகள் உள்ளனர். அவர்கள் சொல்வது ஒன்றுபோல் இருப்பதில்லை. அக்கதையின் பகுதிகளும் ஒரே தரத்தன அல்ல.

பெயர் செய்த குழப்பம்

நூலுக்குள் நுழையுமுன் பெயரைச் சிறிது ஆராய்தல் நலம். கருந்துளை என்னும் பெயரை 1967-ஆம் ஆண்டு முதல் பரவச் செய்தவர் அமெரிக்க அறிஞர் ஜான் வீலர். அதற்கு முன் ருஷ்ய அறிஞர்கள் ‘உறைந்த விண்மீன்’ என்றே அதனை வழங்கினர். அரபியர் ‘அஸ்ஸக்புல் அஸ்வத்’ என்று மொழிபெயர்த்தனர். ‘ஸக்ப்’ என்பது துளையிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். நாமும் துளை என்றே கொண்டோம்.

தமிழில் குழி வேறு, துளை வேறு. குழிக்கு அடி உண்டு. துளைக்கு மறுபுறம் உண்டு. ஊசியின் துளையில் நூல் நுழைந்தால் அப்பக்கம் வெளிவரும். புல்லாங்குழலின் துளையில் காற்று புகுந்து வெளிப்படும். ஆதலின் கருந்துளை என்றவுடன், விழுந்த பொருள் மறுபுறம் எங்கோ வெளிவந்துவிடும் என்னும் எண்ணம் சொல்லாலேயே விதைக்கப்படுகின்றது. திரைப்படங்கள் அவ்விதைக்கு நீர் வார்த்தன. ஹாக்கிங்கும் ஆறாம் அத்தியாயத்தில், வேறோர் உலகப் பகுதியில் வெளிப்படும் வழி சில சமன்பாடுகளில் தோன்றுவதைச் சுட்டுகின்றார். ஆயினும் அவ்வழி நிலையற்றது, ஒருவர் நுழையும் அசைவே அதனைக் குலைத்துவிடக்கூடும் என்று உடனே எச்சரிக்கவும் செய்கின்றார். அவ்வெச்சரிக்கையை மறந்து ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டது அவரைப் பின்பற்றி எழுதியோரின் குற்றமே.

நிலைபெற்ற சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. அது வெறும் பெயரே, விளக்கம் அன்று என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். கருந்துளை என்பது ஓர் ஓட்டையன்று; பெரும் நிறை மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியதனால் ஒளியும் மீளவொண்ணாதபடி சூழப்பட்ட பகுதி. அப்பகுதியின் வரம்பை ‘நிகழ்வு எல்லை’ என்பர். சூரியனின் நிறை கொண்ட கருந்துளைக்கு அவ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நிறை பெருகப் பெருக ஆரமும் அதே விகிதத்தில் பெருகும்.

விழுமுன் நிகழ்வது

ஆறாம் அத்தியாயத்தின் முதற் குறை, விழுமுன் நிகழ்வதற்கு உரிய இடம் தரப்படாமை. தன் நிறையால் தானே ஒடுங்கிச் சரியும் விண்மீனின் மேல் நிற்கும் ஒரு வீரரை வைத்தே ஆசிரியர் கதை சொல்கின்றார். அதனால், எப்பொருளும் கல் கிணற்றில் விழுவதுபோல் நேரே விழுகின்றது என்று வாசகர் மனம் கொண்டுவிடுகின்றது. பின்னர் அன்னப் பறவை விண்மீன் குழுவில் உள்ள ‘சிக்னஸ் எக்ஸ்-1’ பற்றிப் பேசுமிடத்து, துணை விண்மீனின் பொருள் சுழன்று விழுவதைத் தொட்டியிலிருந்து வடியும் நீருக்கு ஒப்பிட்டு, அது வெம்மையுற்று எக்ஸ் கதிர்களைச் சிந்துவதைச் சில வரிகளில் கூறி முடிக்கின்றார்.

உவமை அழகியது, ஆயினும் போதாதது. தொட்டியின் நீரைத் துவாரம் உறிஞ்சுவது போலவே கருந்துளையும் உறிஞ்சும் என்று அது எண்ண வைக்கின்றது. கருந்துளை எதனையும் உறிஞ்சுவதில்லை. நம் சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அவ்விடத்தில் வைத்தால், பூமி இருளிலும் குளிரிலும் ஆழும்; ஆனால் தன் பாதையிலிருந்து இம்மியும் விலகாது. தொலைவில் உள்ளவற்றுக்கு அதன் ஈர்ப்பு, அதே நிறையுள்ள வேறெதன் ஈர்ப்பையும் ஒத்ததே.

பின் பொருள் எவ்வாறு விழுகின்றது? சுழன்று வரும் வாயு நேரே விழ மாட்டாமல் ஒரு தட்டுப்போல் கருந்துளையைச் சுற்றிப் பரவுகின்றது. அத்தட்டின் உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுழல்வதால் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபறிப்பட்டுக் கொதிக்கின்றன. வெப்பம் பல லட்சம் பாகைகளை எட்டுகின்றது. சுழற்சியின் வேகத்தை வெளிப்புறத்துக்குக் கொடுத்து இழந்த பொருளே சிறிது சிறிதாக உள்நோக்கி இறங்குகின்றது. இவ்விறக்கத்தில், விழும் பொருளின் நிறையில் ஏறத்தாழ 6 விழுக்காடு ஆற்றலாக வெளியேறிவிடுகின்றது. அது சுழலாத கருந்துளைக்குரிய கணக்கு. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையாயின் 42 விழுக்காடு வரை வெளியேறலாம். சூரியனுள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது ஆற்றலாவது 0.7 விழுக்காடே என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், இருள் என்று நாம் பெயரிட்ட ஒன்றின் வாசலிலேயே உலகின் மிகப் பெரும் வெளிச்சம் பிறக்கின்றது என்பது விளங்கும்.

வட்டப் பாதையில் நிலைத்துச் சுழல்வதற்கும் ஒரு கடைசி வரம்பு உண்டு. சுழலாத கருந்துளைக்கு அது நிகழ்வு எல்லையின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவில் உள்ளது. அதற்கும் உள்ளே வந்த பொருள் சுற்றுதல் விடுத்து வீழும் என்பது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை தரும் முடிவு. அவ்வாறு வீழும் பொருளின் ஒளி எம்மட்டில் இருக்கும் என்பதை, ‘மேக்ஸி ஜே1820+070’ என்னும் கருந்துளையின் எக்ஸ் கதிர்களிலிருந்து அறிஞர் கண்டுணர்ந்து 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அருகில் வந்த பொருள் அனைத்தும் உள்ளே போவதும் இல்லை. ஒரு விண்மீன் பெருங்கருந்துளையை மிக நெருங்கிச் சிதைந்தால், அதன் பொருளில் பாதியளவு வெளியே வீசப்படும் என்று மார்ட்டின் ரீஸ் 1988-ஆம் ஆண்டிலேயே கணித்தார். எம்-87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து பீறிட்டுச் செல்லும் ஒளிக்கீற்றை ஹீபர் கர்ட்டிஸ் 1918-ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்தார். அதன் மூலம் 650 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை என்பதும், அக்கருந்துளையின் நிழலுருவே 2019 ஏப்ரல் 10-ஆம் நாள் உலகுக்குக் காட்டப்பட்ட முதற்படம் என்பதும் இன்று தெரிந்த செய்திகள். ஆகவே ‘எல்லாவற்றையும் விழுங்கும் பூதம்’ என்று எழுதுவது அச்சுறுத்தலேயன்றி அறிவூட்டல் அன்று.

இரு சாட்சிகள்

இனி ஆறாம் அத்தியாயத்தின் பெருமையைச் சொல்ல வேண்டும். சரியும் விண்மீன்மேல் நிற்கும் வீரர், தம் கைக்கடிகாரப்படி நொடிக்கொரு முறை வெளியே உள்ள விண்கலத்துக்குக் குறிப்பு அனுப்புகின்றார். பதினோரு மணிக்கு விண்மீன் நிகழ்வு எல்லைக்குள் சுருங்கிவிடும் என்று கொள்வோம். பத்தேமுக்கால் முதல் ஒழுங்காக வந்துகொண்டிருந்த குறிப்புகள் பதினோரு மணியை நெருங்க நெருங்கச் சிறிது தாமதிக்கின்றன. பதினோரு மணிக்கு அனுப்பிய குறிப்போ ஒருகாலும் வந்து சேர்வதில்லை. விண்மீனின் ஒளி சிவந்து மங்கி மறைகின்றது. விழுபவருக்கோ அவ்வெல்லையில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. அவர் கடிகாரம் பதினோரு மணியைக் கடந்தும் ஓடுகின்றது.

இரு சாட்சிகளின் கூற்றையும் பிரித்து நிறுத்தி, இன்னது வெளியே நின்றவர் கண்டது, இன்னது விழுந்தவர் அறிந்தது என்று காட்டிய இந்த நேர்மை போற்றத்தக்கது. இவ்விரட்டைக் கூற்றை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் ஆவர். 1939-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் கட்டுரை, சரியும் விண்மீனோடு செல்பவருக்குச் சரிவு ஒரு நாளளவில் முடிந்துவிடும், தொலைவில் நிற்பவருக்கோ அது முடிவின்றி நெருங்கிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும் என்று நிறுவியது. ஹாக்கிங் அக்கணக்கைக் கதையாக்கிப் பாமரர் கையில் கொடுத்தார்.

பின்வந்தோர் பலர் இவ்விடத்தில் வழுவினர். வெளியே நிற்பவர் காண்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘பொருள் உண்மையில் விழுவதே இல்லை, எல்லையில் நின்றுவிடுகின்றது’ என்று எழுதினர். நம் கடற்கரை ஊர்களில் சபுராளியாய்ப் பினாங்கு சென்றவரின் கடிதம் வரக் காத்திருந்த குடும்பங்கள் இதனை எளிதில் உணரும். கடிதங்கள் வரவரத் தாமதித்து, பின் நின்றே போயினும், எழுதியவரின் நாட்கள் அக்கடைசிக் கடிதத்தோடு நின்றுவிட்டன என்று எவரும் கருதார். செய்தி நின்றது வேறு. செய்திக்குரியவர் நின்றது வேறு. வெளியே இருப்பவர் காணும் அந்த இறுதி ஒளியும் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையில் அது நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் காணவொண்ணாதபடி அவிந்துவிடும்.

விழுபவரின் உடலுக்கு நேர்வதையும் ஹாக்கிங் சொல்கின்றார். காலை முன்வைத்து விழுபவரின் கால்களைத் தலையைவிட வலிதாக ஈர்ப்பு இழுக்கும், விலாப்புறங்களை நெருக்கும். இத்தாலியரின் மாவிழைபோல் அவர் நீண்டு போவார் என்பது அவர் உவமை. அது விளைவை மட்டும் காட்டும். நம் வீட்டு இடியாப்ப அச்சோ செயலையும் காட்டும். ஒருபுறம் நெருக்குண்டே மறுபுறம் மாவு நீள்கின்றது. தமிழில் எழுதுவோர் அயலார் உவமையை அப்படியே சுமந்து வருவதற்கு மாறாக இதனை எடுத்தாண்டிருக்கலாம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லையில், தலைக்கும் காலுக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாடு பூமியின் ஈர்ப்பைப்போல் கோடி மடங்கையும் தாண்டும். எல்லையை எட்டுமுன்பே உடல் சிதறிவிடும். நம் பால்வெளி மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையோ ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறை கொண்டது. அதன் எல்லையைக் கடப்பவர் இவ்வேறுபாட்டை உணரவும் மாட்டார். சிறியதன் வாசல் கொடியது. பெரியதன் வாசல் மென்மையானது. ஹாக்கிங் இதனைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கின்றார். கிப் தோர்ன் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் முகப்பில், வெவ்வேறு நிறையுள்ள கருந்துளைகளுக்கு ஒரு கற்பனைப் பயணம் அமைத்து விளங்க வைக்கின்றார். இவ்வொரு செய்தியில் தோர்னே சிறந்த ஆசிரியர்.

வரலாற்றுச் செய்தியிலும் ஒரு பிழையைச் சுட்டியாக வேண்டும். விண்மீன் சரிவின் கதையைத் தொடங்குமிடத்து, சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆண்டு 1928 என்கின்றார் ஹாக்கிங். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவ்விளைஞர் கப்பலேறியது 1930-ஆம் ஆண்டில். அப்பயணத்தில் அவர் கண்ட எல்லைக் கணக்கே 1983-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வரை பேசப்பட்டது. பிழை சிறியதே, ஆயினும் ஒரு கோடிப் பிரதிகளில் ஏறிய பிழை சிறியதாக இருந்துவிடுவதில்லை.

உள்ளே இருப்பது இடமா, காலமா?

எல்லையைக் கடந்த பொருள் எங்கே போகின்றது? நடுவில் உள்ள ஒரு புள்ளியில் போய்க் குவிகின்றது என்பதே பெரும்பாலோர் மனத்தில் உள்ள படம். அதனை ‘ஒருமை’ என்பர். ஹாக்கிங் ஒருமையைக் காலத்தின் முடிவு என்று கூறவே செய்கின்றார். விழுபவருக்கு அஃது எதிர்காலத்திலேயே இருப்பது என்றும் குறிப்பிடுகின்றார். ஆயினும் அதனை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிட்டமையால், வாசகர் மனத்தில் புள்ளியே நிலைத்தது. நின்று விளக்கியிருக்க வேண்டிய இடம் இதுவே.

எல்லைக்கு வெளியே நாம் முன்னும் பின்னும் நகரலாம். காலத்தில் மட்டும் முன்னோக்கியே செல்ல இயலும். எல்லைக்குள்ளே உள்நோக்கிய திசையே காலத்தின் திசையாகிவிடுகின்றது. ஆதலின் ஒருமை என்பது ‘அங்கே’ இருப்பதன்று, ‘இனி’ வருவது. நாளைய பொழுதை எவ்வாறு எவராலும் சுற்றிக்கொண்டு போக இயலாதோ, அவ்வாறே அதனையும் விலக்க இயலாது. ஒளியும் தப்பாது என்பதன் உண்மைப் பொருள் இதுதான். வலிமை போதாமையால் அது மீளாதிருக்கவில்லை. மீளும் திசை என்ற ஒன்றே அங்கு இல்லை.

அந்த ‘இனி’ எவ்வளவு தொலைவு? எல்லையைக் கடந்தபின் எஞ்சும் காலம் நிறையைப் பொறுத்தது. சுழலாத கருந்துளை என்று கொண்டால், பத்துச் சூரிய நிறைக்கு அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நம் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளை அளவினதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்; எம்-87இன் கருந்துளை அளவினதற்கு ஒரு நாளும் சில மணி நேரமும். இவை உச்ச வரம்புகள். இவற்றிற்கு மேல் நீட்டிக்க எந்த முயற்சியாலும் ஆகாது.

அந்த முடிவில் பொருளுக்கு நிகழ்வது என்ன? ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்தொடர்ந்தால், அத்தகைய முடிவு தவிர்க்க முடியாதது என்பதை ரோஜர் பென்ரோஸ் 1965-ஆம் ஆண்டில் நிறுவினார். அதன்பொருட்டு 2020-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். அந்நிறுவலுக்குக் கல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதரி 1955-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு துணை நின்றது. ஆனால் முடிவில்லாத அடர்த்தி என்று ஒரு கணக்கு விடை தருமாயின், அது பொருளின் நிலையைச் சொல்வதன்று. கணக்கின் எல்லையைச் சொல்வது. மிகச் சிறிய துகள்களை ஆளும் குவாண்டம் கொள்கையோடு ஈர்ப்பை இணைக்கும் முழுமையான கொள்கை இன்றுவரை அமையவில்லை. இக்கதையின் இறுதி ஏடு இன்னும் எழுதப்படவில்லை.

ஏழாம் அத்தியாயமும் மறைந்த எச்சரிக்கையும்

ஏழாம் அத்தியாயமே ஹாக்கிங்கின் சொந்தக் கண்டுபிடிப்பைக் கூறுவது. கருந்துளை முற்றும் கரியதன்று. அதற்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அஃது ஆற்றலைச் சிந்தி மெல்ல மெல்லக் கரையும் என்று 1974-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டது அறிவுலகை அதிரச் செய்தது. இதனை விளக்க அவர் பொதுநூலில் காட்டும் காட்சி யாவரும் அறிந்தது. வெற்றிடத்தில் துகளும் எதிர்த்துகளும் இணையாகத் தோன்றி மறைந்தவண்ணம் உள்ளன. நிகழ்வு எல்லையின் அருகே ஒன்று உள்ளே விழ, மற்றொன்று தப்பி வெளியேறுகின்றது. விழுந்தது எதிர்மறை ஆற்றல் கொண்டதாதலின் கருந்துளையின் நிறை குறைகின்றது.

இங்கேதான் நம் குற்றச்சாட்டு. இதே ஹாக்கிங், 1975-ஆம் ஆண்டில் அறிஞர்களுக்கென எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இக்காட்சியைக் காட்டிய கையோடு, இது புரிதலுக்கு உதவும் ஒரு படம் மட்டுமே, சொல்லுக்குச் சொல் மெய்யென்று கொள்ளலாகாது என்று தெளிவாக எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கை பாமரர்க்கான நூலில் இடம்பெறவில்லை. கணக்கு அறிந்தவருக்கு எச்சரிக்கை. கணக்கு அறியாதவருக்கு வெறும் படம். முறை இதற்கு நேர்மாறாக அன்றோ இருக்க வேண்டும்? தாமே சரிபார்க்கும் ஆற்றலுடையவர்க்கு எச்சரிக்கை இன்றியமையாததன்று. ஆசிரியரை நம்பியே தீர வேண்டிய எளியவர்க்கே அது வேண்டும்.

எச்சரிக்கை வெறும் சடங்கும் அன்று. அப்படத்தை மெய்யென்று கொண்டவர், கதிர்வீச்சு எல்லைக் கோட்டின் மிக அருகே, இன்ன இடத்தில் பிறக்கின்றது என்று எண்ணுவார். கணக்கின்படி அக்கதிர்வீச்சின் அலைநீளம் கருந்துளையின் பருமனை ஒத்தது. அதற்கு இன்ன புள்ளி என்று பிறப்பிடம் சுட்ட இயலாது. மேலும், விழுந்த பொருளே துகளாகத் திரும்பி வருகின்றது என்று ஒரு சாராரும், விழுந்த பொருளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று மற்றொரு சாராரும் முடிவுகட்ட இப்படமே இடம் தந்தது.

அவ்வத்தியாயத்தில் விழுந்த வீரரின் கதி மீண்டும் பேசப்படுகின்றது. கருந்துளை கரைந்தபின் அவரிடமிருந்து எஞ்சுவது நிறை அல்லது ஆற்றல் மட்டுமே. வெளிவரும் துகள்கள் அவரை ஆக்கிய துகள்களாகப் பொதுவாக இரா என்கின்றார் ஆசிரியர். ‘பொதுவாக’ என்னும் சொல் அங்கே உள்ளது என்பதையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். எனினும் இஃது அக்காலத்தில் அறிஞரிடையே கடும் வழக்கில் இருந்த கருத்து என்பதை வாசகர் உணரும் வழி அங்கில்லை. விழுந்தது நூலகமா, மணலா என்னும் வேறுபாடே உலகிலிருந்து அழிந்துவிடும் என்று ஹாக்கிங் 1976-ஆம் ஆண்டில் வாதிட்டார். லெனார்டு சஸ்கிண்டு முதலியோர் அதனை மறுத்தனர். குவாண்டம் கொள்கையின்படி செய்தி உருமாறலாம், சிதறலாம். அழிதல் இல்லை என்பது அவர்தம் வாதம்.

1997-ஆம் ஆண்டில் ஹாக்கிங்கும் தோர்னும் ஒருபுறமும், ஜான் பிரெஸ்கில் மறுபுறமுமாக இதன்மேல் பந்தயம் கட்டினர். 2004-ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் கூடிய அறிஞர் அவையில், தாம் தோற்றதாக ஹாக்கிங் அறிவித்து, பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைப் பந்தயப் பொருளாகக் கொடுத்தார். உடன் பந்தயம் கட்டிய தோர்ன் அப்போது தோல்வியை ஏற்கவில்லை. தம் புகழ்பெற்ற கருத்தைத் தாமே மாற்றிக்கொண்ட பெருந்தன்மை பாராட்டுக்குரியது. ஆனால் 1988-இன் ஏட்டைப் படித்துவிட்டு மூடியவர்க்கு அம்மாற்றம் எவ்வாறு எட்டும்?

வழக்கு அத்தோடும் முடியவில்லை. செய்தி அழியாது என்பது உண்மையாயின், பழைய கருந்துளையின் எல்லையில் விழுபவரைச் சுட்டெரிக்கும் ஒரு நெருப்புச்சுவர் இருந்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டில் நால்வர் வாதிட்டனர். அது மெய்யாயின் ஆறாம் அத்தியாயத்தின் அமைதியான எல்லைக் கடப்பே கேள்விக்குரியதாகிவிடும். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்குகள் செய்தி திரும்பவே செய்யும் என்னும் பக்கத்துக்கு வலுவூட்டின. எவ்வழியாகத் திரும்புகின்றது என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

கண்ணால் கண்டு தீர்ப்பதற்கும் வழி அடைபட்டுள்ளது. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. அதனைச் சூழ்ந்த வெறுவானமே 2.7 பாகை வெப்பமுடையது. ஆகவே இன்று அது சிந்துவதைவிடப் பெறுவதே மிகுதி. அது முற்றும் கரைய, ஒன்றின்பின் 67 சுழிகள் இட்ட அத்தனை ஆண்டுகள் வேண்டும். விண்ணில் உள்ள எந்தக் கருந்துளையிலிருந்தும் அக்கதிர்வீச்சை எவரும் இன்றுவரை கண்டதில்லை.

தீர்ப்பு

இனித் தொகுத்துக் கூறுவோம். விழும் பொருளின் கதை மூன்று தரத்தினது. தட்டின் வெப்பமும், எக்ஸ் கதிரும், சிதைந்த விண்மீன்களும், 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளியான நிழலுருவங்களும், 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் இரு கருந்துளைகள் ஒன்றாகியபோது எழுந்து பூமியை வந்தடைந்த ஈர்ப்பலைகளும் முதல் தரத்தன, அவை காணப்பட்டவை. எல்லையைக் கடத்தலும், உள்ளே எஞ்சும் காலமும் இரண்டாம் தரத்தன. சோதனை பல கண்ட கொள்கையிலிருந்து பெறப்பட்டவையாயினும், கடந்து கண்டு திரும்பி வந்து உரைத்த சாட்சி இல்லாதவை. ஒருமையில் நிகழ்வதும், கரைந்தபின் எஞ்சுவதும் மூன்றாம் தரத்தன. அவை அறிஞரின் கருத்துக்கள், வழக்கில் இருப்பவை.

ஹாக்கிங்கின் நூல் முதல் கேள்வியில் வென்றது. எந்தச் சாட்சி எங்கே நின்று பேசுகின்றார் என்பதைத் தெளிவுறக் காட்டியது. இரண்டாம் கேள்வியில் தவறியது. மூன்று தரத்தையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லிச் சென்றது. அக்குரலின் இனிமையே அதன் வெற்றிக்குக் காரணம். அதன் குறைக்கும் காரணம் அதுவே.

தமிழில் அறிவியல் எழுதப் புகும் இளைஞர்கள் அந்நூலின் துணிவையும் தெளிவையும் கற்றுக்கொள்ளட்டும். அதில் விடுபட்ட எச்சரிக்கையைத் தாமே சேர்த்துக்கொள்ளட்டும். ‘இது கண்டது, இது கணித்தது, இது கருதுவது’ என்று மூன்று சிறு சொற்களை உரிய இடங்களில் வைப்பதால் நடையின் சுவை குன்றிவிடாது. பெற்றோரும் பிள்ளைகளின் வினாவுக்கு அம்முறையிலேயே விடை பகர்தல் வேண்டும். எல்லை வரை நடப்பது தெரியும். எல்லைக்குள் நடப்பதைக் கணக்கால் அறிகின்றோம். இறுதியில் நடப்பதை இன்னும் அறியோம் என்று கேட்ட பிள்ளை ஏமாற்றம் அடைவதில்லை. அறியப்படாத ஒன்று தனக்கென எஞ்சியுள்ளது என்றே அது மகிழும்.